பெற்றபோதே காலியாக இருந்தது

அந்தக் குழுவில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். எங்கே போனாலும் சட்டைப் பையில் ஒரு பூதக்கண்ணாடி வைத்திருப்பார் என்பது ஒரு காரணம். அடுத்தவர் எழுதியதில் குற்றம் கண்டுபிடிக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது என்பது இன்னொரு காரணம். முதல் காரணத்தை அவர் முகத்துக்கு நேரே சொல்வார்கள். இரண்டாவதை அவர் படியிறங்கிப் போன பிறகு சொல்வார்கள்.

குழு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மொத்தம் ஏழு பேர். ஒரு டிவி மெக்கானிக், டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் அம்மாள், ஒரு அறிவியல் வாத்தியார், இப்படி. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை, டிவி மெக்கானிக்கின் கடைக்கு மேலே உள்ள அறையில் கூடுவார்கள். மேசைமேல் வைக்கிற மாதிரி முதன்முதலாக வந்த கம்ப்யூட்டர்களில் எது எதில் என்னென்ன சிப்செட் இருந்தது என்று பட்டியல் போடுவதுதான் வேலை. இதனால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்று அவரவர் வீட்டில் ஏற்கெனவே கேட்டாகிவிட்டது. அதனால் நாம் கேட்க வேண்டியதில்லை.

சிப்செட் என்பது ஒன்றும் கம்ப சூத்திரமில்லை. ஒரு வீட்டில் குடும்பத் தலைவர் என்று ஒருவர் இருப்பார். பெயரெல்லாம் அவருக்குத்தான். ஆனால் தண்ணீர் பிடிப்பது, வந்தவருக்குக் கதவு திறப்பது, யார் சாப்பிட்டார்கள், யார் சாப்பிடவில்லை என்று நினைவு வைத்திருப்பது எல்லாம் வேறு ஆட்கள். கம்ப்யூட்டரில் பிராசஸர்தான் அந்தத் தலைவர். ஓடியாடி வேலை பார்க்கிற மற்ற சிப்புகளின் கூட்டம் சிப்செட். சுவிட்சைப் போட்டதும் எல்லோரையும் தட்டி எழுப்பி, அவரவர் வேலையைச் சொல்லிக் கொடுக்க ஒரு சிப் உண்டு. அதற்குள் சின்னதாக ஒரு புரோகிராம் எழுதி வைத்திருப்பார்கள். அது இல்லையென்றால் மற்ற அத்தனையும் இருந்தும் அந்த கம்ப்யூட்டர் வெறும் டப்பா.

அந்தக் காலத்து இந்தச் சிப்பின் முதுகில் சின்னதாக ஒரு கண்ணாடிச் சன்னல் இருக்கும். எழுதியதை அழிக்க வேண்டுமானால் அதன் வழியே புற ஊதா ஒளியைக் காட்ட வேண்டும். வெயிலிலும் அந்த ஒளி உண்டு. ஆகவே எழுதி முடித்ததும் சன்னல்மேல் ஒரு ஸ்டிக்கரை ஒட்டி மூடிவிடுவார்கள். பட்டியல் போடுகிறவர்களுக்கு அந்த ஸ்டிக்கர் ஒரு தலைவலி. தயாரித்தவர் அச்சிட்ட எண் பெரும்பாலும் அதற்கு அடியில்தான் இருக்கும். பிரித்தால்தான் தெரியும்.

இதற்காகவே பூதக்கண்ணாடி நாலு விதிகள் எழுதி, அறைச் சுவரில் ஒட்டியிருந்தார். ஒன்று, சிப்பின் உள்ளே இருப்பதைக் கருவியில் படித்துப் பிரதி எடுக்காமல் ஸ்டிக்கரைத் தொடக் கூடாது. இரண்டு, எண்ணைக் குறித்தவுடன் சன்னலைக் கறுப்பு டேப்பால் மூட வேண்டும். மூன்று, சிப்புகள் பதித்த எந்த போர்டையும் வெயிலில் வைக்கக் கூடாது. நான்கு, இதை மீறியவர் எழுதிய எதையும் பட்டியலில் சேர்க்கக் கூடாது. முத்து முத்தான கையெழுத்து. ஒரு முறை வாத்தியார் டேப்பைக் கொஞ்சம் கோணலாக ஒட்டிவிட்டார். "நீங்க பிள்ளைங்களுக்குப் பாடம் வேற எடுக்கறீங்களாக்கும்" என்று எல்லோர் முன்னாலும் பூதக்கண்ணாடி கேட்டார். வாத்தியார் முகத்தில் ஈயாடவில்லை. அடுத்த இரண்டு கூட்டங்களுக்கு அவர் வரவும் இல்லை.

பூதக்கண்ணாடிக்கு ஓர் அக்கா. அவரைவிட ஒன்பது வயது மூத்தவர். கல்யாணத்துக்கு முன்பு ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்த்தார். அந்தக் கம்பெனி மொத்தமே நாற்பது கம்ப்யூட்டர்கள் செய்தது. ஒரு கண்காட்சியில் வைத்துப் பாராட்டு வாங்கியது. மூன்றாம் வருடம் மூடிவிட்டது. அந்த நாற்பதையும் தட்டி எழுப்புகிற புரோகிராமை எழுதியது அக்காவும் கூட இருந்த மூன்று பெண்களும். மற்ற முப்பத்தொன்பதும் காயலான் கடைக்குப் போய்ச் சேர்ந்தன. ஒன்றை மட்டும் அக்கா பழைய போர்வையில் சுற்றி அலமாரி உச்சியில் வைத்திருந்தார்.

பட்டியலுக்கென்று பூதக்கண்ணாடி அதைக் கேட்டபோது அக்கா மறுபேச்சுப் பேசவில்லை. "பத்திரம்டா. பவர் சப்ளை வெடிச்சு இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. ஆனா உள்ள இருக்கறது அப்படியே இருக்கும். நீ பார்த்துப்பே, எனக்குத் தெரியும்" என்றார்.

அவர் பார்த்துக்கொண்ட லட்சணம் இதுதான். சிப்பைப் படிக்கும் கருவி அவர் வேலை பார்க்கும் பாலிடெக்னிக் ஆய்வகத்தில் இருந்தது. அது திறக்கத் திங்கட்கிழமை ஆக வேண்டும். அவருக்கோ பொறுக்கவில்லை. உலகத்தில் வேறு யாரும் பார்த்திராத போர்டு, கையில் இருக்கிறது. எண்ணை மட்டும் பார்த்துவிடலாம் என்று ஸ்டிக்கரைப் பிரித்தார். ஸ்டிக்கரில் அக்காவின் கையெழுத்து இருந்தது: 'மூன்றாவது திருத்தம். பிரிக்க வேண்டாம்.' அவர் அதைப் படித்தார். படித்துவிட்டுத்தான் பிரித்தார். எண்ணைக் குறித்தார். டேப் ஒட்டினால் பட்டியலுக்கு எடுக்கப்போகிற படத்தில் எண் தெரியாது என்று அதையும் தள்ளிப் போட்டார். போர்டில் முப்பது வருட அழுக்கு. சோப்புத் தண்ணீரில் தூரிகை போட்டுக் கழுவி, மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில், காய்ந்ததும் எடுத்துவிடலாம் என்று வைத்தார்.

அரை மணி நேரத்தில் டிவி மெக்கானிக் போன் செய்தார். மூடப்போகும் ஓர் அலுவலகத்திலிருந்து அறுபது போர்டுகள் ஒரே லாரியில் வந்திருக்கின்றனவாம். பூதக்கண்ணாடி தலைகால் புரியாமல் ஓடினார். அந்த வாரம் முழுக்க லீவு போட்டுவிட்டு அங்கேயே கிடந்தார். சாப்பிடவும் தூங்கவும் மட்டும் வீடு. மொட்டை மாடி ஞாபகம் வந்தபோது பத்து நாள் ஆகியிருந்தது. நல்ல கோடை. மேகம் என்ற பேச்சே இல்லை.

ஆய்வகத்துக்குக் கொண்டுபோய்க் கருவியில் வைத்தார். திரை முழுக்க எப் எப் எப் எப் என்று ஒரே எழுத்து வரிசை வரிசையாக இறங்கியது. காலிச் சிப் அப்படித்தான் பேசும். தூசி இருக்குமோ என்று துடைத்துவிட்டுத் திரும்ப வைத்தார். அதே எழுத்து. ஏழு முறை வைத்தார். அக்காவுக்கு இப்போதே போன் செய்து சொல்லிவிடுவோம் என்று போனை எடுத்தார். சுவரில் ஒட்டியிருக்கும் நாலு விதிகளும் நினைவுக்கு வந்தன. வாத்தியாரின் முகமும் நினைவுக்கு வந்தது. போனைக் கீழே வைத்தார்.

பட்டியல் படிவத்தில் கடைசியாகக் குறிப்புக்கென்று ஒரு கட்டம் உண்டு. அதில் எழுதினார்: 'பெற்றபோதே காலியாக இருந்தது.' மூன்றே சொற்கள். அதற்கு முந்திய கட்டம் 'பழுதுக்குக் காரணம்.' பேட்டரி கசிவு, துரு, எலி என்று வழக்கமாக எழுதுவார்கள். அதைக் காலியாக விட்டார். இதையெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

பார்த்தார்கள். பட்டியல் புத்தகமாக அச்சானபோது டிவி மெக்கானிக் முன்னுரை எழுதினார். மனுஷன் நல்லவர்தான், ஆனால் எழுத உட்கார்ந்தால் கை நிற்காது. 'ஒரு கம்பெனி கண்காட்சியில் வெறும் கூட்டை வைத்து ஊரார் காதில் பூச்சுற்றிய செய்தியும் நம் பட்டியலால் தெரியவந்தது' என்று ஒரு வரி. அச்சுப் பிழை பார்த்தது பூதக்கண்ணாடி. அந்தப் பக்கத்தில் இரண்டு கால்புள்ளிகளைத் திருத்தினார். அந்த வரியை ஒன்றும் செய்யவில்லை.

புத்தகம் போய்ச் சேர்ந்த அன்று அக்கா போன் செய்தார். கோபமில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"ஏன்டா, நல்லாப் படிச்சுப் பார்த்தியா? சிப் ஒண்ணுமில்லாமயா இருந்துச்சு?"

"ஏழு தடவை படிச்சேன்க்கா." இது உண்மை.

"மேல ஸ்டிக்கர் ஒண்ணு இருந்திருக்கணுமே. என் கையெழுத்துல. இருந்துச்சா?"

அவர் அந்த நேரத்தில் மேசை இழுப்பறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டிக்கர் அதற்குள் ஒரு சின்ன உறையில் இருந்தது. எதையும் தூக்கிப் போட முடியாத ஜென்மம். தன் மானத்தை வாங்கக்கூடிய அந்தத் துண்டுக் காகிதத்தைக்கூடப் பத்திரமாக உறையில் போட்டு, மேலே வரிசை எண்ணும் எழுதி வைத்திருந்தார்.

"இல்லக்கா. ஸ்டிக்கரெல்லாம் ஒண்ணுமில்ல" என்றார்.

"அப்ப நான்தான் மாத்தி மாட்டிட்டேன் போல. ஒரு தடவை கழட்டி ஆபீசுக்கு எடுத்துட்டுப் போனேன். காலிச் சிப்பும் ரெண்டு மூணு பையில கிடந்துச்சு. என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்" என்று அக்கா போனை வைத்துவிட்டார்.

எட்டு மாதம் அவர் அக்கா வீட்டுப் பக்கமே தலைகாட்டவில்லை. ஆடிட் என்பார், இருமல் என்பார். பிறகு ஒரு சனிக்கிழமை அக்காவே கண்டிப்பாக வரச் சொன்னார். வேறு வழியில்லாமல் போனார்.

கதவைத் திறந்தது மாமா. "வாய்யா மச்சான்! வழி தெரிஞ்சுதா? உங்கக்கா கம்ப்யூட்டருக்கே உயிர் குடுத்தவன்னு சொல்லித்தான் இத்தனை வருஷமா என்னை மிரட்டி வச்சிருந்தா. கடைசில பார்த்தா காலி டப்பாவாம்ல!" என்று வயிறு குலுங்கச் சிரித்தார்.

வழக்கமாக இந்த மாதிரிப் பேச்சுக்கு அக்கா சமையலறையிலிருந்தே ஒன்று கொடுப்பார். மாமா வாங்கிக் கட்டிக்கொள்வதில் வீடே கலகலக்கும். அன்று உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. மாமாவின் சிரிப்பு பாதியில் நின்றது. "சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்" என்று யாருக்கோ சொல்வது போலச் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். பூதக்கண்ணாடிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

அக்கா தட்டு வைத்தார், பரிமாறினார், எதிரில் உட்கார்ந்தார். மெலிந்திருந்தார். பூதக்கண்ணாடி தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார்.

"கூட வேலை பார்த்தாளே ஒருத்தி, போன் பண்ணினா" என்றார் அக்கா. "அவ மருமகள் உங்க புத்தகத்தைப் பார்த்துட்டு, 'அத்தே, நீங்கல்லாம் அப்ப சும்மாதான் உட்கார்ந்திருந்தீங்களா'ன்னு கேட்டாளாம். அழுதுட்டாடா. நாங்க நாலு பேரும் அந்த மூணாவது திருத்தத்துக்காக எத்தனை நாள் சோறு தண்ணி இல்லாம கிடந்தோம்னு அந்தப் பொண்ணுக்கு என்ன தெரியும்? என் கவனக்குறைவுக்கு அவங்க மூணு பேரும் எதுக்குப் பேச்சு வாங்கணும்?"

ஒரு கடிதத்தை எடுத்து அவர் கையில் வைத்தார். "நாளைக்கு உங்க கூட்டத்துல இதைப் படிச்சுடு. நானும் வரேன். ஆனா என்னால நின்னு படிக்க முடியாது. நீ படிச்சாத்தான் நம்புவாங்க. உன் எழுத்துல ஒரு புள்ளி தப்பா இருக்காதுன்னு எல்லாருக்கும் தெரியும்."

அப்போதே சொல்லியிருக்கலாம். அறையில் வேறு யாருமில்லை. எச்சில் கையோடு காலைப் பிடித்திருந்தாலும் அக்கா தாங்கியிருப்பார். ஆனால் அவர் கடிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "சரிக்கா" என்றார். இவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல எனக்கும் ஆசைதான். இந்த இடத்தில் ஒன்றும் அகப்படவில்லை.

மறுநாள் காலை கிளம்பும்போது இழுப்பறையைத் திறந்து அந்த உறையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை. கிழித்து வழியில் எங்காவது போட்டுவிடலாம் என்று ஒரு எண்ணமும் இருந்தது. வழியில் எத்தனையோ குப்பைத் தொட்டிகள் இருந்தன.

அக்கா அவருக்கு முன்பே வந்து, ஓரமாக ஒரு நாற்காலியில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பரீட்சைக்கு வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். மேசைமேல் அவருடைய கம்ப்யூட்டர். போர்டைக் கழற்றி வெளியே வைத்திருந்தார்கள். அன்று பிரித்ததிலிருந்து மூடாமலே கிடந்த அந்தக் கண்ணாடிச் சன்னல் பளபளத்தது. டெலிபோன் அம்மாள் அக்காவுக்குத் தண்ணீர் கொடுத்தார். டிவி மெக்கானிக் சங்கடத்தோடு, "உங்களைச் சொல்லலைங்க. கம்பெனியைத்தான் எழுதினேன்" என்று முனகினார்.

"பரவாயில்லைங்க. நீங்க இருந்ததைத்தானே எழுதினீங்க" என்றார் அக்கா.

பூதக்கண்ணாடி எழுந்து கடிதத்தைப் பிரித்தார். தன் விதிகள் ஒட்டியிருந்த சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். குரல் முதலில் நன்றாகத்தான் வந்தது.

"பெரியோர்களுக்கு வணக்கம். என் கம்பெனி யாரையும் ஏமாற்றவில்லை. நாற்பது கம்ப்யூட்டர்களும் வேலை செய்தன. என்னோடு பணியாற்றிய மூவரும் மிகவும் திறமையானவர்கள். நான் கொடுத்த சிப்பின்மேல் ஸ்டிக்கர் இல்லை என்று தம்பி சொன்னதால், அது நான் தவறுதலாக மாட்டிய காலிச் சிப் என்று..."

அதற்குமேல் ஓடவில்லை. மறுபடி முதலிலிருந்து அந்த வரியைப் படித்தார். மறுபடி அதே இடத்தில் நின்றார்.

"கண்ணு தெரியலையா? பூதக்கண்ணாடிக்கே பூதக்கண்ணாடி வேணுமா?" என்றார் டிவி மெக்கானிக், சூழ்நிலையைக் கொஞ்சம் லேசாக்கலாம் என்று.

பூதக்கண்ணாடி சட்டைப் பையில் கையை விட்டார். எடுத்தது பூதக்கண்ணாடி இல்லை. உறையை மேசைமேல், போர்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"ஸ்டிக்கர் இருந்துச்சு" என்றார். "பிரிக்க வேண்டாம்னு எழுதியிருந்துச்சு. நான் பிரிச்சேன். பிரதி எடுக்கலை, டேப் ஒட்டலை. கழுவி மாடில காய வச்சுட்டு மறந்துட்டேன். அக்கா சரியான சிப்பைத்தான் குடுத்தாங்க. அழிச்சது நான். பொய் எழுதினது நான். கேட்டப்பவும் பொய் சொன்னேன்."

டெலிபோன் அம்மாள் உறையைக் கவிழ்த்தார். பழுப்பேறிய சின்னத் துண்டு வெளியே விழுந்தது. வாத்தியார் சுவரில் இருந்த நாலு விதிகளையும் ஒரு முறை பார்த்தார், பூதக்கண்ணாடியைப் பார்த்தார், பிறகு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திருப்பி ஒரு வார்த்தை கேட்டிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

"எத்தனை நாள் வெயில்ல இருந்துச்சு?" என்றார் அக்கா. வேலை பார்த்த காலத்துக் குரல் அது.

"பத்து நாள்."

"நேர் வெயிலா?"

"ஆமாக்கா."

"போயிருக்கும்" என்று தலையாட்டினார். கணக்குச் சரியாக வந்ததும் தலையாட்டுவது போல. அப்புறம்தான் கண் கலங்கியது. "வெயில்ல வச்சதை விடுடா. அவசரப்பட்டுட்டே, மறந்துட்டே, மனுஷன்தானே. எட்டு மாசமா என்னை நானே நம்பலைடா. அடுப்பை அணைச்சேனா, கதவைப் பூட்டினேனான்னு பத்து தடவை எழுந்து போய்ப் பார்க்கறேன். எனக்கு மூளை கலங்கிடுச்சுன்னு நினைச்சு டாக்டர்கிட்டகூடப் போனேன். மாமாவுக்குத் தெரியாம போனேன். அதுக்கு உன் படிவத்துல கட்டம் இருக்கா?"

அழுதால் அக்காவே எழுந்து வந்து சமாதானம் சொல்லிவிடுவார் என்று பூதக்கண்ணாடிக்குத் தெரியும். அதற்குத் தனக்கு அருகதை இல்லை என்றும் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

டிவி மெக்கானிக் படிவத்தைத் தேடி எடுத்து, அவர் பக்கம் நகர்த்தினார். பேனாவையும் வைத்தார். பூதக்கண்ணாடி அந்த மூன்று சொற்களையும் அடித்தார். 'பெற்றபோது நல்ல நிலையில் இருந்தது' என்று எழுதினார். பழுதுக்குக் காரணம் என்ற கட்டத்துக்கு வந்தார். மற்ற பக்கங்களில் துரு என்றும் எலி என்றும் இருந்த கட்டம். அதில் 'பட்டியலிட்டவர்' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார். அவருடைய கையெழுத்து முதல் முறையாகக் கோணலாக விழுந்தது. பிறகு சுவரிலிருந்த தாளில் நாலாவது விதியைத் தானே படித்துக் காட்டி, இத்தனை வருடங்களாகத் தான் எழுதியதையெல்லாம் யாராவது மறுபடி சரிபார்க்க வேண்டும் என்றார். நான் பார்க்கிறேன் என்று வாத்தியார் சன்னல் பக்கமிருந்தே சொன்னார்.

அக்கா எழுந்து மேசைக்கு வந்தார். ஸ்டிக்கரை விரல் நுனியில் எடுத்தார். பசை காய்ந்து போயிருந்தது. அங்கே கிடந்த கறுப்பு டேப்பில் ஒரு துண்டைக் கிழித்து, ஸ்டிக்கரின் அடியில் வைத்து, அந்தக் கண்ணாடிச் சன்னல்மேல் அழுத்தி ஒட்டினார். நாலு ஓரத்தையும் நகத்தால் நீவிவிட்டார். இதே வேலையை நாற்பது தடவை செய்த கை.

"இனிமே எதுக்குக்கா? உள்ளதான் ஒண்ணுமே இல்லையே" என்றார் அவர்.

"இருந்துச்சுடா" என்றார் அக்கா. கைப்பையை எடுத்துக்கொண்டு, அவருக்காகக் காத்திராமல் படியிறங்கினார்.